கட்டைத் தோட்டாவும் நெட்டைத் தோட்டாவும்

கண்ணு,

வருகிற சனிக்கிழமை அந்தத் துப்பாக்கிக் குழலை லேத்தில் கட்டப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். இன்று செவ்வாய். அன்றைக்கே சொல்லியிருப்பேன், வாய் வரவில்லை. உன் அப்பா கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியது உனக்குத் தெரியாதது மட்டுமல்ல, அவருக்கும் தெரியாதது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படி. கவிதாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. உன் மனைவிக்கும் இதில் சேதி இருக்கிறது.

நீ அன்றைக்கு வீடியோவில் அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினாய். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மாதிரியைப் பார்த்து இப்போது புதிதாகச் செய்தது, பட்டாசில் போடுகிற கருமருந்துதான் இதற்கும், கெட்டிக்கும் தோட்டாவை நீளமாக்கினால் இன்னும் தூரம் போகும், அதனால் தோட்டா உட்காருகிற குழியை இரண்டரை நூல் ஆழமாக்கப் போகிறேன் என்றாய். உனக்கு அங்கே டெக்சாஸில் மில்லிமீட்டரும் இன்ச்சும் என்றாலும், என்னிடம் நூல் கணக்கில் சொன்னாய் பார், அது எனக்குப் புரிய வேண்டும் என்றுதான். புரிந்தது சாமி. லேத்துக்காரன் பெண்டாட்டிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நூல் என்று தெரியாதா. நான் உன்னிடம் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா. "உன்ற கூட்டாளி வெச்சிருக்கறானே, அந்தப் புதுத் துப்பாக்கி, அதோட தோட்டா எவ்வளவு நீளம் கண்ணு?" என்றேன். நீ சிரித்தாய். "அதே நீளந்தானுங்ம்மா. அதுக்குத்தானே செய்யறது. அவன் சுட்டுப் போடற வெத்துக் கூட்டை எடுத்து நான் கருமருந்து கெட்டிச்சுக்குவேன்" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா அன்னைக்கு உட்ட தப்பை நான் உடமாட்டேன். இங்க மெசினு வேற. நீங்க பயப்படாதீங்க" என்றாய்.

கண்ணு, உன் அப்பா தப்பு விடவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்கு அப்போது இரண்டு வயசு. ஆனைமலைக்குக் கீழே பண்ணாடி தோட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். பண்ணாடி என்று நாங்கள் கூப்பிட்டது அந்தத் தோட்டத்துக்காரரை. என் மாமனார் அங்கே பண்ணையத்து ஆள், நான் வாசல் கூட்டி, மாட்டுக் கொட்டகை வழித்து, சாளை என்கிற தோட்டத்து வீட்டைச் சுத்தம் செய்கிறவள். உன் அப்பா மட்டும் அதில் இருந்து தப்பிக் கோயமுத்தூர் போய், பம்ப்செட் பட்டறை ஒன்றில் ஏழு வருஷம் லேத்து ஓட்டிப் பழகி, திரும்பி வந்து பொள்ளாச்சி ரோட்டோரம் ஒரு பழைய லேத்தை வைத்திருந்தார். அது அந்தப் பண்ணாடிக்குக் கடைசி வரை பொறுக்கவில்லை. ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "இவன் எங்க தோட்டத்துல மாடு மேச்சவன், இன்னைக்கு இரும்பு மேய்க்கறான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். உன் அப்பாவும் சிரிப்பார். நான் சிரித்ததில்லை. அவர் அந்த வார்த்தையைச் சொன்ன நாலு தடவையும், கூட நின்றவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

பண்ணாடி வீட்டில் இரண்டு துப்பாக்கி இருந்தது. தோப்புக்குள் காட்டுப்பன்றி இறங்கும், அதற்கு லைசென்சு. ஒன்று அவர் தாத்தா காலத்தது, கருமருந்துக்கென்று செய்தது, தோட்டா கட்டையாக இருக்கும். இன்னொன்று புதிது, புகை வராத மருந்து, கடையில் வாங்குகிற நெட்டைத் தோட்டா. இரண்டு வகைத் தோட்டாவும் சாளையில் மரப்பெட்டிக்குள் இரண்டு டப்பாக்களில் இருக்கும். டப்பா மேல் இங்கிலீசில் எழுதி ஒட்டியிருப்பார்கள். எனக்குத் தமிழே தட்டுத் தடுமாறித்தான், இங்கிலீசுக்கு எங்கே போவேன். பண்ணாடி வீட்டு அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்றுதான். "கட்டையெல்லாம் பழசுக்கு, நெட்டையெல்லாம் புதுசுக்கு. இத நெனவுல வெச்சுக்க, போதும்." போதுமாகத்தான் இருந்தது. ஆறு வருஷம் நான் மாற்றி எடுத்துக் கொடுத்ததில்லை. ஒருவேளை மாற்றிக் கொடுத்தாலும் பழைய துப்பாக்கிக்குள் நெட்டை போகாது, வாய் மூடாது. அந்த இரும்பே எனக்குக் காவலாக இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு கட்டைக் கூடு கிடைக்காமல் போயிற்று. இருந்ததும் திரும்பத் திரும்ப மருந்து கெட்டித்து வாய் பிளந்துவிட்டது. புதுத் துப்பாக்கியில் சுட்டுப் போட்ட நெட்டைக் கூடு குப்பையாகக் கிடக்கிறது, பழையதன் குழியை இரண்டு நூல் ஆழமாக்கிவிட்டால் அதிலேயே கருமருந்து கெட்டிக்கலாமே என்று பண்ணாடிக்கு யோசனை. நீ சொன்ன அதே யோசனை. உன் அப்பாவை வரச் சொன்னார். அவர் தயங்கினார். ராத்திரி சாப்பிடும்போது, "இதெல்லாம் லைசென்சு இருக்கறவன் செய்யற வேலை புள்ளை, வேண்டாம்னு சொல்லிப்போடறேன்" என்றார். நான்தான் விடவில்லை. "செஞ்சு காட்டுங்க. மாடு மேச்சவன், மாடு மேச்சவன்னு சொன்ன வாயி ஒரு தடவ மூடட்டும்" என்றேன். இது நான் ஒத்துக்கொள்கிற முதல் தப்பு. என் வயிற்றெரிச்சலுக்கு அவர் கையைக் கொடுத்தேன்.

பதினோரு நாள் அந்த வேலை நடந்தது. குழலின் கனத்தை வெளியே அளந்து, உள்ளே அளந்து, சிலேட்டில் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவார். வெட்டுகிற டூலைத் தானே தீட்டினார். ஒரு நாளைக்குத் தலைமயிர் கனத்துக்குத்தான் எடுப்பார். நீ அவர் காலடியில் இரும்புச் சுருளை வைத்து விளையாடுவாய். முடித்த அன்றைக்குக் குழலை வெளிச்சத்தில் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. கல்யாணத்தன்றுகூட அந்த மனுசன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

பம்ப்செட் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். மோட்டாரைப் பூட்டினவன்தான் முதலில் சுவிட்சைப் போட வேண்டும். ஆகாத வேலை என்றால் அவனுக்கே ஆகட்டும் என்று. அதன்படி உன் அப்பாதான் முதலில் சுட்டார். தோப்புக் கடைசியில், மண் கரையைப் பார்த்து, மத்தியான வெயிலில். பண்ணாடியும் நாலைந்து பேரும் தள்ளி நின்றார்கள். கையில் இருந்தது இரண்டு தோட்டா, பண்ணாடியே கருமருந்து கெட்டித்துக் கொண்டு வந்தது. முதல் வேட்டு, இரண்டாவது வேட்டு. வெள்ளைப் புகை தென்னை உயரத்துக்குப் போயிற்று. துப்பாக்கி அசையவில்லை. பண்ணாடி, "அட, மாடு மேச்சவன் செஞ்சுபோட்டான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்புள்ளை, சாளைல இன்னும் கெட்டிச்சு வெச்சிருக்குது, நாலு எடுத்துட்டு ஓடியா" என்றார். நான் ஓடினேன். பெருமையில் கால் தரையில் படவில்லை. பெட்டியைத் திறந்தேன். இரண்டு டப்பாவிலும் இருந்தது நெட்டை.

ஒரு நொடி நின்றேன் கண்ணு. இதை மறைக்க மாட்டேன். கட்டை ஒன்றுகூட இல்லையே என்று ஒரு நொடி நின்றேன். கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. போய்க் கேட்டால் அத்தனை பேர் முன்னால், படிக்கத் தெரியாதவள் என்று இன்னொரு சிரிப்பு. இன்றைக்கு அவர் பெருமை, அதில் என்னால் ஒரு சிரிப்பு விழ வேண்டாம் என்று, கைக்கு முதலில் பட்ட டப்பாவில் இருந்து நாலை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் கையாலேயே அவர் கையில் கொடுத்தேன். "என்ற பொண்டாட்டி கையில வாங்கிச் சுடறேன் பாருங்க" என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

குழல் வெடித்த அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். இடது கையில் மூன்று விரல் போயிற்று, இடது காது போயிற்று, கண் எப்படியோ தப்பியது. பண்ணாடி கார் அங்கேயே களத்தில் நின்றது. நான் சொன்னேன், காரில் கொண்டு போங்கள் என்று காலைப் பிடித்தேன். சீட்டுக்குப் புதிதாக வெள்ளை உறை போட்டிருக்கிறது என்று சொல்லி, கொப்பரை ஏற்றி நின்ற லாரியில் மூட்டை மேல் படுக்கவைத்து அனுப்பினார். "போலீசுன்னு வாயைத் தொறந்தா, குழலை வெட்டுன உன்ற புருசன்தான் உள்ள போவான்" என்று என் காதோரம் சொன்னார். அந்த மனுசன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் துக்கத்துக்குப் போகவில்லை. அந்த வீட்டுத் தண்ணீரை இன்றுவரை குடித்ததில்லை. அவர் பேத்தி கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து அந்த வீட்டு ஆட்கள் கொடுக்க வந்தபோது கதவைச் சாத்தினேன். அந்தப் பகையில் ஒரு துளியை நான் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் பகைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து, சாமான்களை எடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். சாளைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பண்ணாடி கையால் கெட்டித்த தோட்டாக்களின் வாயில் மெழுகு வைத்து அடைத்திருப்பார். மெழுகு வைத்தவை அத்தனையும் வரிசை குலையாமல் ஒரு டப்பாவில் இருந்தன. இன்னொரு டப்பாவில்தான் நாலு இடம் காலி. நான் கொடுத்தது புதுத் துப்பாக்கியின் தோட்டா. புகை வராத மருந்து. அந்தப் பழைய இரும்பு தாங்கவே தாங்காத மருந்து. முன்னால் என்றால் அது உள்ளேயே போயிருக்காது. உன் அப்பா அவ்வளவு சரியாகக் குடைந்திருந்ததால், வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. முதலில் போலீசுக்குப் பயந்து. பிறகு அவருக்குப் பயந்து. அப்புறம் வருஷம் ஓடிவிட்டது, ஓடிய வருஷத்துக்குப் பயந்து. அவர் லேத்தை இரும்பு விலைக்குப் போட்டார். சிங்காநல்லூரில் மில் கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். நீ பார்த்திருக்கிறாய், கேட் சுவரில் சாக்பீசால் ஏதோ எழுதி எழுதிப் பார்ப்பாரே, அது அந்தக் குழல் கணக்குத்தான். எங்கே விட்டோம், எந்த நூலில் விட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தார். நீ டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் உன்னிடம் அந்தக் கணக்கைச் சொன்னார். நீ பேப்பரில் போட்டுப் பார்த்து, "அப்பா, குழல் அந்த எடத்துல மெலிசாகுது, செவுரு கனம் பத்தல. நீங்க அதப் பாக்காம உட்டுட்டீங்க" என்றாய். அவர், "அப்படியா சாமி, நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார். சுவர் கனத்தை அவர் பார்க்கவில்லையா. பதினோரு நாளும் அதைத்தானே பார்த்தார். நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டு அத்தனையும் கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். விரல் போன அன்றைக்குக்கூட அந்த மனுசன் அப்படி ஒடுங்கி நடந்ததில்லை.

இப்போது நீ முன்னே எனக்கு அனுப்பியிருந்த வீடியோவுக்கு வருகிறேன். நீங்கள் சுடப் போன மைதானத்தில் ஒரு மேசை. அதன் மேல் உன் டப்பா, உன் கூட்டாளி டப்பா. நீ குறியில் இருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாய். கவிதா சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து உன் கையில் வைக்கிறாள். அவள் ஈரோட்டில் எம்.ஏ. படித்தவள், இங்கிலீசு வாசிப்பாள், நான் அவளைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கிற ஆள் எழுத்தைப் படிப்பதில்லை கண்ணு. இன்றைக்கு உன் குழி கட்டையாக இருக்கிறது. அவள் மாற்றி எடுத்தாலும் இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிடும். சனிக்கிழமை நீ இரண்டரை நூல் எடுத்துவிட்டால் அது அப்புறம் எதையும் வேண்டாம் என்று சொல்லாது. நீ தப்பாகச் செய்வாய் என்று நான் பயப்படவில்லை. உன் அப்பா மாதிரியே சரியாகச் செய்துவிடுவாய் என்றுதான் பயப்படுகிறேன்.

புதன்கிழமை. மேலே எழுதினதை உனக்கு மட்டும் அனுப்பிவிட்டால் நீ அவரிடம் கேட்பாய். அவர் உன் வாயால் கேட்கக் கூடாது. அதனால் இன்று காலை அவருடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து முழுசும் படித்துக் காட்டினேன். சாளைப் பெட்டி வந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படித்தேன். முடித்ததும் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பதினோரு மணிக்குப் போனவர் நாலு மணி வரைக்கும் வரவில்லை. பஸ் ஸ்டாப், டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் தேடினேன். குளத்துக் கரையையும் எட்டிப் பார்த்தேன், எதற்கு என்று நீயே புரிந்துகொள். வந்தார். சோறு போட்டேன், சாப்பிட்டார்.

வியாழக்கிழமை, இன்று காலை. காப்பி கொடுக்கப் போனேன். தம்ளரை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"மெழுகு வெச்சதெல்லாம் அப்படியே இருந்துதா?"

"இருந்துதுங்க."

"நீயே பாத்தியா?"

"நானே பாத்தேனுங்க."

"அப்ப செவுரு கனம் பத்தியிருக்குது." அந்த இரண்டு விரல் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நாப்பது வருசம் புள்ளை. நாப்பது வருசம் என்னைக் கையாலாகாதவனா உக்கார வெச்சிருந்திருக்கறே."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை எழுப்பவில்லை. காப்பியைக் குடித்தார். பிறகு, "பையன் எத்தனை நூல் எடுக்கறானாம்?" என்றார்.

"ரெண்டரைங்க."

"எடுக்கலாம். குழல் கனம் என்னன்னு கேக்கோணும். டூலை எப்படித் தீட்டறதுன்னு நான் சொல்றேன். எடுக்கட்டும், நல்லா எடுக்கட்டும்."

அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. குழலை வெளிச்சத்தில் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்ன அதே முகம். ஒருவனை நினைத்துப் பயந்து உண்மையைச் சொன்னேன், இப்போது இரண்டு பேரை நினைத்துப் பயப்படுகிறேன். கவிதா கையைப் பற்றி, டப்பாவைப் பற்றி நான் படித்தது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சுவர் கனம் பத்தியிருக்கிறது என்பது மட்டும்தான் ஏறியிருக்கிறது. போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று ரீசார்ஜ் செய்யக் கடைக்குப் போயிருக்கிறார். வந்ததும் உன்னைக் கூப்பிடுவார். உனக்கு அப்போது தூங்குகிற நேரம், இருந்தாலும் எடு.

எடுத்து அவர் கேட்கிறதற்கெல்லாம் பதில் சொல். கனம் சொல், அளவு சொல், டூலைப் பற்றி அவர் எத்தனை நேரம் பேசினாலும் கேள். பிறகு ஒன்று சொல். "அப்பா, அன்னைக்கு நான் பேப்பர்ல போட்டதுதான் தப்பு, உங்க வேலை சரி" என்று சொல். தப்பு என்று சொன்னது உன் வாய், சரி என்றும் அதுதான் சொல்ல வேண்டும். நீ அந்தத் துப்பாக்கியைக் குடைய நினைத்தது எதற்காக என்று எனக்குத் தெரியும் சாமி, அப்பா விட்டதை மகன் முடித்தான் என்று இருக்கட்டும் என்றுதானே. அவர் விடவில்லை. முடித்துவிட்டார். நீ முடிக்க அங்கே ஒன்றும் பாக்கி இல்லை.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பேசாமல் இருந்துகொள், நான் தாங்குவேன். கவிதாவை மட்டும், என் வயசு வரைக்கும் ஒரு டப்பாவை நினைத்துக்கொண்டு தோசை ஊற்றுகிறவளாக ஆக்கிவிடாதே. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. படம் பிடிக்கிறேன்.

உன் அம்மா